யாரும் ‘சும்மா இரு’ என்று சொல்லாத பள்ளி

அமெரிக்காவில், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் புதன்கிழமை, என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளாகத்தின் ஓரத்தில் இருந்த பழைய கல் கட்டடத்துக்குப் போனேன். உள்ளே நீளமான மரப் பெஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. சிலுவை இல்லை, படம் இல்லை, மேடை இல்லை, மைக் இல்லை. ‘சத்தம் போடாமல் உட்காருங்க’ என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். மணி அடிக்கவில்லை, யாரும் தொடங்கி வைக்கவில்லை. முதல் ஆள் வந்து அமைதியாக உட்கார்ந்ததுமே மௌன வழிபாட்டுக் கூடுகை ஆரம்பமாகிவிட்டது என்பது அங்கே வழக்கம். எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். என் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். “எங்க தாத்தாவோட நாய் இப்ப எங்க வீட்ல இருக்கு. அது தினமும் வாசல்ல போய் உட்கார்ந்துக்குது” என்றாள். உட்கார்ந்துவிட்டாள். தாத்தா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

போய் அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று எழப் போனேன். பக்கத்தில் இருந்த மூத்த ஆசிரியை என் கையை லேசாகத் தொட்டார். நான் எழவில்லை. யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவள் சொன்னதை எல்லோரும் வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். நாற்பது நிமிடம் ஆனதும் வயதான ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குக் கை கொடுத்தார். பெஞ்சுக்குப் பெஞ்சு எல்லோரும் கை கொடுத்துக்கொண்டார்கள். முடிந்தது.

பிலடெல்பியாவின் புறநகரில் இருந்த அந்தக் குவேக்கர் பள்ளியில் 11 வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் தென்காசிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் 6 வருடம். அங்கே நான் நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்ததற்கு ஒரே காரணம், என் வகுப்பில் சத்தம் வராது. வராண்டாவில் நடந்து வரும் தலைமை ஆசிரியர் என் வகுப்பைக் காட்டித்தான் மற்றவர்களிடம் பேசுவார். அந்த அமைதி பயத்தால் வந்தது. ‘சும்மா இரு’ என்பது நம் பள்ளிகளில் ஒரு அதட்டல். கையைக் கட்டு, வாயில் விரல் வை, லீடர் பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதட்டும். மௌனம் என்றாலே தண்டனை என்றுதான் பிள்ளைகளுக்குப் பதிந்திருக்கும். அந்தப் புதன்கிழமை நான் பார்த்த மௌனத்தில் தண்டனை இல்லை. அந்தப் பெண் பேசுவதற்கு அது இடம் கொடுத்தது. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

கொஞ்சம் பின்கதை வேண்டும். 1650களில் இங்கிலாந்தில், நெசவாளி ஒருவரின் மகனான ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றிச் சேர்ந்த கூட்டம்தான் குவேக்கர்கள். ‘நண்பர்கள் சங்கம்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்க நடுவில் ஒரு குருமார் தேவையில்லை என்பது அவர்களின் அடிப்படை. அதனால்தான் பிரசங்கம் இல்லை; உட்கார்ந்து காத்திருக்கிறார்கள், யாருக்குச் சொல்லத் தோன்றுகிறதோ அவர் எழுந்து சொல்கிறார். (எல்லா இடத்திலும் இப்படி இல்லை. உலகத்தில் குவேக்கர்கள் மிக அதிகமாக இருக்கும் கென்யாவில் பாட்டும் பிரசங்கமும் உண்டு.) ஒளி எல்லோருக்குள்ளும் என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குள்ளும்தானே? பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைவிடுகிறது.

1668இலேயே ஃபாக்ஸ், வால்தமில் பையன்களுக்கு ஒரு பள்ளியும் ஷாக்கில்வெல்லில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கச் சொன்னார். பெண்களுக்கும் படிப்பு என்பது அந்தக் காலத்தில் சாதாரணப் பேச்சில்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்கள் குவேக்கர்களுக்கு நெடுங்காலம் எட்டாமலே இருந்தன. அதனால் அவர்கள் பள்ளிகளில் கணக்கு, இயற்கை அறிவியல், கைத்தொழில் என்று வாழ்க்கைக்கு உதவுகிற படிப்பு முன்னுக்கு வந்தது. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன் ஒரு குவேக்கர். பன்னிரண்டு வயதிலேயே சொந்த ஊர்க் குவேக்கர் பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கியவர். யார்க்‌ஷயரின் ஆக்வொர்த் பள்ளி 1779இல் வந்தது. பிலடெல்பியா வட்டாரத்தில் வில்லியம் பென் சார்ட்டர் 1689இலும் வெஸ்ட்டவுன் 1799இலும் வந்தன. வாஷிங்டனில் ஒபாமாவின் மகள்கள் படித்த சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் பள்ளியும் இந்த வழியில் வந்ததுதான்.

இன்றைக்கு அமெரிக்காவின் குவேக்கர் பள்ளிகளில் ஒரு போஸ்டரைப் பார்க்கலாம். எளிமை, அமைதி, நேர்மை, சமூகம், சமத்துவம், பொறுப்பான பராமரிப்பு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்பைசஸ்’ என்று வரும். பழைய குவேக்கர்கள் இப்படிப் பட்டியல் போட்டதில்லை, ஞாபகம் வைத்துக்கொள்வதற்காகப் பிற்காலத்தில் வந்தது. நான் சேர்ந்த புதிதில் அந்தப் போஸ்டரைத்தான் படம் பிடித்து என் பழைய பள்ளித் தோழிகளுக்கு அனுப்பினேன். இப்போது அனுப்புவதாக இருந்தால் பெஞ்சுகளைப் படம் பிடித்து அனுப்புவேன். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், முடிவை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் ஒரு பள்ளி பிள்ளைகளை என்னவாக நினைக்கிறது என்று தெரியும்.

கூப்பிடுவதையே எடுத்துக்கொள்கிறேன். பல குவேக்கர் பள்ளிகளைப் போல எங்கள் பள்ளியிலும் பிள்ளைகள் டீச்சரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மிஸ் கிடையாது, மேடம் கிடையாது. பதினோரு வயதுப் பையன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது முதல் மாதம் முழுக்க எனக்கு உடம்பு கூசியது. என் அம்மா போனில் கேட்டுவிட்டு, “உன்னைப் பேர் சொல்லியா கூப்பிடுதான்?” என்று வருத்தப்பட்டாள். இதற்கும் காரணம் பழையது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், நம் நீ, நீங்கள் போலவே இரண்டு சொற்கள் இருந்தன. பெரிய மனிதருக்கு ஒன்று, சின்னவருக்கு ஒன்று. குவேக்கர்கள் நீதிபதியையும் ‘நீ’ என்றே சொன்னார்கள். அவர் முன்னால் தொப்பியைக் கழற்றவும் மறுத்தார்கள். அபராதத்துக்கு ஆளானார்கள், சிறைக்குப் போனார்கள். நீ-நீங்கள் வித்தியாசத்துக்குள் பிறந்து வளர்ந்த நமக்கு, அது எவ்வளவு பெரிய காரியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது என்று நினைக்கிறேன். நம் மொழியில் மரியாதையை இறக்கினால் சமத்துவம் வராது, காயம்தான் வரும். ‘நீ’ என்றே காலம் காலமாக அழைக்கப்பட்டவர்கள் நம் ஊரில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழில் சமத்துவம் வேண்டுமென்றால் மேலே ஏற்றித்தான் சமப்படுத்த வேண்டும். ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளிடம் ‘வாங்க, உட்காருங்க, நீங்க சொல்லுங்க’ என்றே பேசிப் பார்க்கிறேன். முதல் நாள் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்குள்ளும் ‘டேய்’ குறைகிறது. பைசா செலவில்லாமல் நாளைக்கே எந்த வகுப்பிலும் செய்யக்கூடியது இது.

அடுத்தது நேர்மை. குவேக்கர்கள் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்துப் பேச்சு என்ன என்பது அவர்கள் கேள்வி. நான் தென்காசியில் பென்சில் காணாமல் போன ஒவ்வொரு முறையும் ‘சாமி மேல சத்தியம் பண்ணு’ என்று பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. அந்தக் கேள்வியிலேயே ‘உன் சாதாரணப் பேச்சை நான் நம்பவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம்.

குவேக்கர் பள்ளிக்கு வந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். மூன்றாவது வருடம், ஏழாம் வகுப்புத் தேர்வில் இரண்டு பேர் ஒரே கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தார்கள். விகிதக் கணக்கு, ஒரே வரியில் ஒரே பிசகு. வகுப்பில் எல்லோர் முன்னாலும் விடைத்தாள்களை நீட்டி, “இது எப்படி நடந்தது?” என்று கேட்டேன். என் குரலிலேயே தீர்ப்பு இருந்தது. ஒரு பையன் கண் கலங்கிவிட்டான். அன்று சாயங்காலம்தான் தெரிந்தது, இரண்டு பேரும் ஒரே அக்காவிடம் டியூஷன் படிக்கிறார்கள், அவர் சொல்லிக் கொடுத்த குறுக்கு வழியிலேயே பிசகு இருந்தது என்று.

தனியாகக் கூப்பிட்டு ‘சாரி’ சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முதல் நாள் என் கையைத் தொட்ட அதே ஆசிரியை ஒன்றே ஒன்று கேட்டார்: “எங்கே வைத்துக் காயப்படுத்தினாய்?” குவேக்கர்களிடம் விதிகள் குறைவு, இப்படிக் கேள்விகள்தான் அதிகம். தங்களையே சோதித்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் கேள்விகளுக்குக் ‘குவெரி’ என்று பெயர். அதற்கு உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, கூடவே வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். மறுநாள் அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று, நான் செய்தது தப்பு என்றும் என்ன தப்பு என்றும் சொன்னேன். கால் நடுங்கியது. பிள்ளைகள் என்னைக் குறைவாக நினைக்கவில்லை. அந்த வருடம் முழுக்க, ‘நான் இதைப் பார்த்து எழுதிட்டேன்’ என்று தாங்களாகவே வந்து சொன்னவர்கள் நான்கு பேர். என் 17 வருட அனுபவத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஆசிரியர் கூட்டங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மிக அதிகமாகப் பொறுமை இழந்தது அங்கேதான். குவேக்கர் முறையில் ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டத்தை நடத்துபவருக்குக் கிளார்க் என்று பெயர். நமக்குக் கிளார்க் என்றால் ஃபைல் தள்ளுகிறவர். அங்கே தலைவர் நாற்காலியில் இருப்பவரே கிளார்க்தான். அவர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. எல்லோரும் பேசுவதைக் கேட்டு, கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று உணர்ந்து, அதை வாசகமாக எழுத வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்கக் கூடாது. சூடு ஏறினால் கிளார்க், “கொஞ்சம் அமைதியில் இருப்போம்” என்பார். எல்லோரும் ஒரு நிமிடம், சில நேரம் ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பார்கள். முடிவு வாசகத்தை அங்கேயே எழுதி, அங்கேயே சத்தமாகப் படித்து, அங்கேயே ஒப்புதல் வாங்குவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் ‘நான் அப்படிச் சொல்லவேயில்லை’ என்கிற பேச்சுக்கே இடமில்லை.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் தரலாமா என்பதற்கு எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. ஓட்டு எடுத்திருந்தால் பத்து நிமிடம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த வருடம், கணக்கில் பிள்ளைகளைத் திறமைவாரியாக மூன்று பிரிவாகப் பிரிப்பதா என்று வந்தபோது, வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான். தென்காசியில் ‘சி செக்‌ஷன்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அந்தப் பெயருக்குள்ளேயே சுருங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன், அதைச் சொன்னேன். ஓட்டெடுப்பில் நான் ஒரே நொடியில் தோற்றிருப்பேன். அங்கே எனக்காக இரண்டு கூட்டம் காத்திருந்தார்கள். கடைசியில் மூன்று பிரிவு வரவில்லை. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் என்று வேறொரு வழி கிடைத்தது. அது யாருமே ஆரம்பத்தில் யோசிக்காத வழி. பத்து நிமிடத்தில் முடித்திருந்தால் அது வந்திருக்காது.

எல்லா முடிவுக்கும் இது ஒத்துவராது, நெருப்புப் பிடித்தால் உட்கார்ந்து மௌனம் காக்க முடியாது. ஆனால் பள்ளியில் நாம் அவசரம் என்று நினைப்பதில் பாதி அவசரமே இல்லை. முடிவை அங்கேயே எழுதிப் படிக்கும் பழக்கத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் பாதி சண்டை குறையும்.

இந்தப் பள்ளிகளைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அவர்களுடைய நேர்மைக்கே நான் துரோகம் செய்கிறவள் ஆவேன். பிலடெல்பியாவை ஒட்டிய ஜெர்மன்டவுனில் 1688இலேயே அடிமை முறையை எதிர்த்து மனு எழுதியவர்கள் குவேக்கர்கள். அந்தோணி பெனசெட் என்ற குவேக்கர் ஆசிரியர் 1750 வாக்கில் தன் வீட்டிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர்களுக்கென்று ஒரு பள்ளி 1770இல் வந்ததும் அவர் முயற்சியால்தான். அப்படிப்பட்ட பாரம்பரியத்தில் வந்த பல பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. சிட்வெல்லில் 1956இல்தான் கதவு திறந்தது. அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, அவர்கள் மொழியை மறக்கடித்த உறைவிடப் பள்ளிகளை நடத்தியதிலும் குவேக்கர்களுக்குப் பங்கு உண்டு. ஒளி எல்லோருக்குள்ளும் என்று சொன்னவர்களுக்கே அது தெரியாமல் போயிருக்கிறது. இன்றைக்குக் கட்டணம். இப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றில் வருடத்துக்குப் பல பத்தாயிரம் டாலர். உதவித்தொகை தருகிறார்கள், நிறையவே தருகிறார்கள். ஆனாலும் எங்கள் பள்ளியில் சமையல் கூடத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் வேறு பள்ளியில்தான் படித்தார்கள். அதை ஆசிரியர் கூட்டத்தில் எழுப்பியபோது நீண்ட மௌனம் இருந்தது. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மார்ஜரி சைக்ஸ் பற்றி எனக்குத் தெரியவந்தது பிலடெல்பியாவில்தான். இங்கிலாந்திலிருந்து 1928இல் சென்னைக்கு வந்து வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தவர். தமிழ் கற்றவர். இந்தியாவுக்கு வந்த பிறகுதான் குவேக்கர் ஆனார். அப்புறம் தாகூரின் சாந்திநிகேதன், காந்தியின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி, பிற்பாடு நம் கோத்தகிரி. கையால் வேலை செய்து கற்பது, கூடி உட்கார்ந்து மௌனமாகத் தொடங்குவது என்று காந்தியின் கல்வியும் குவேக்கர் கல்வியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அவர் வாழ்ந்திருக்கிறார். அமெரிக்காவுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன் என்று நான் நினைத்திருந்தது நீலகிரியில் நான் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது.

போன வருடம் வேலையை விட்டு ஊருக்கு வந்ததும், பழைய பள்ளியில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் வகுப்பெடுக்கக் கேட்டார்கள். எட்டாம் வகுப்பு, 48 பேர். தகரக் கூரை, மூன்று ஃபேன். தினமும் பாடத்துக்கு முன்னால் மௌனமாக உட்காரலாம் என்று தொடங்கினேன்.

முதல் வாரம் சரியாக வரவில்லை. ஐந்து நிமிடம் என்று வைத்தேன், அது அதிகம். கண்ணை மூடச் சொன்னேன், அதுவும் தப்பு. கண்ணை மூடச் சொன்னாலே பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவன் மூடினானா என்று பார்ப்பார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன், அதுதான் பெரிய தப்பு. டீச்சர் நின்றால் அது கண்காணிப்பு. இரண்டாவது வாரம் நானும் ஒரு பெஞ்சில், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடமாகக் குறைத்தேன். சிரிப்பவர்களை ஒன்றும் சொல்லவில்லை. கூடவே சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சிரிப்பு மூன்றாவது நாளில் தானாக வற்றியது. முடிந்ததும் ‘என்ன நினைச்சீங்க?’ என்று கேட்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன். கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும். கை குலுக்குவதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவருக்கு வணக்கம் சொல்வது என்று வைத்தோம். யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லலாம், யாரும் பதில் சொல்லக் கூடாது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவைத்தேன். திங்கட்கிழமை மட்டும் போர்டில் ஒரு கேள்வி எழுதுவேன்: ‘இந்த வாரம் யாருடைய பேச்சை முழுசாகக் கேட்டேன்?’ அதற்கு விடை எழுத வேண்டாம், மார்க்கும் கிடையாது. அந்தக் கடைசி வரிதான் அவர்களுக்கு நம்பவே முடியாததாக இருந்தது.

மெல்ல இரண்டு நிமிடம் ஆனது, மூன்று ஆனது. ஒரு மாதத்துக்கு யாரும் எழுந்து பேசவில்லை. நானும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் கணக்குப் பாடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. அன்றைக்குக் கடைசியில் உட்காரலாம் என்றேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். “எங்கப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்காங்க. வெள்ளிக்கிழமை வாரேன்னு சொன்னாங்க. எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லல” என்றான். உட்கார்ந்துவிட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஸ்கேலால் மேஜையைத் தட்டி வகுப்பை அடக்கிப் பழகிய லீடர் பெண் அந்த ஸ்கேலை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்துபோய் அவன் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது, போகவில்லை. மணி அடித்தது. யாரும் அசையவில்லை. அடுத்த பீரியடுக்கு வந்த அறிவியல் சார் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். என்ன என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. சாக்பீஸ் டப்பாவைக் கையில் வைத்தபடி வராண்டாவிலேயே நின்றார்.